கையும் குமிழும்: ரிமோட் வந்த கதை



இந்த ஆண்டுச் சந்திப்பை எங்கள் ஏலகிரியில் வைத்திருக்கிறீர்கள். மலைக்காரன் என்ற முறையில் முதலில் எல்லோரையும் வரவேற்கிறேன். மலர்க் குழுவினர் என்னிடம், "அண்ணே, உங்க தொழிலை வச்சே ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் குடுங்க" என்றார்கள். என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். இயற்பியல் பட்டம் வாங்கிக்கொண்டு போய் வாணியம்பாடியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்தவன் நான். வீடு மலைமேல் அத்தனாவூரில். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் காலையில் இறங்கி மாலையில் ஏறுவதே என் வாழ்க்கையாகிவிட்டது.

ராஜா ராணி கதை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன சாமான். ரேடியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். நாம் 'வால்யூம் கன்ட்ரோல்' என்று சொல்வது. அந்தக் குமிழைத் தொடாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே திருகுவதற்கு மனிதன் பட்ட பாடு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம். "இதுல இன்னா சரித்திரம் கீது?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

பத்துக் கம்பியின் பேரன்

நம் இயற்பியல் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். நீண்ட மரப்பலகை, அதன் மேல் ஒரு மீட்டர் நீளத்தில் பத்து வரிசைக் கம்பி, அதன்மேல் நகர்த்திப் பார்க்கும் ஜாக்கி. கால்வனாமீட்டர் முள் நடுவில் நிற்கும்வரை நாம் அடித்த கூத்து எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்னழுத்தமானி என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினோம். ஜெர்மானிய அறிஞர் பாகன்டார்ஃப் 1841-இல் வகுத்துச் சொன்ன முறை அது.

ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் அதே மின்னழுத்தமானிதான். பத்து மீட்டர் கம்பிக்குப் பதில் வட்டமாக வளைத்த ஒரு கார்பன் பட்டை. ஜாக்கிக்குப் பதில் அதன்மேல் தேய்த்துக்கொண்டு போகும் ஒரு பித்தளை நாக்கு. குமிழைத் திருகினால் நாக்கு நகரும். எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அவ்வளவு ஒலி உள்ளே போகும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் 300 டிகிரி. பழைய செட்டில் தொடக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்; அதுதான் ஆன் ஆஃப் ஸ்விட்ச்.

அந்தப் பட்டையில் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் வாங்கும்போது "பத்து கே லாக்" என்று கேட்கிறோம் அல்லவா, அந்த 'லாக்' நாம் கணக்கு வகுப்பில் படித்த லாகரிதம்தான். நம் காது கணக்குப் போடும் முறையே வேறு. ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் 3 டெஸிபல்தான் கூடும். காதுக்கு அது லேசான மாற்றம். கேட்பவனுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற வேண்டுமென்றால் சக்தி பத்து மடங்கு ஆக வேண்டும். அதனால் குமிழ் பாதி தூரம் வந்தாலும், பட்டையின் மொத்தத் தடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம்தான் வரும்படி செய்கிறார்கள். சாதாரண பட்டையைப் போட்டுப் பாருங்கள், கால்வாசி திருகுவதற்குள் வீடே அதிரும். மிச்சத் தூரம் சும்மா சுற்றும்.

தூரத்திலிருந்து வேலை வாங்கியவர்கள்

தொடாமல் ஒரு பொருளை இயக்குவது என்றதும் நாம் அமெரிக்காவையும் ஜப்பானையும் நினைக்கிறோம். ஆனால் இந்தச் சரித்திரத்தின் முதல் பக்கங்களில் ஒரு இந்தியர் இருக்கிறார். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவரைத் தாண்டி அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். நடுவில் ஒரு கம்பி கிடையாது. மூன்று வருஷம் கழித்து, 1898-இல், நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு தொட்டித் தண்ணீரில் சின்னப் படகை விட்டு, ரேடியோ அலையால் அதை ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் மந்திரம் என்றார்கள்.

வீட்டு ரேடியோவுக்கு இந்த வித்தை வந்தது 1939-ஆம் ஆண்டு மாடல்களில்தான். அமெரிக்காவின் ஃபில்கோ கம்பெனி 'மர்மக் கட்டுப்பாடு' என்று பெயர் வைத்து ஒரு மரப்பெட்டியை விற்றது. மேலே டெலிபோன் டயல் மாதிரி ஒரு டயல், உள்ளே பாட்டரி. ஸ்டேஷன் வேண்டுமானால் டயலைச் சுற்ற வேண்டும். சத்தம் வேண்டுமானாலும் அதே டயல்தான். பெட்டியிலிருந்து போன ரேடியோ அலையைப் பிடித்து, செட்டுக்குள் இருந்த ஒரு மோட்டார் வால்யூம் கன்ட்ரோலைத் திருகியது. இந்த இடத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ரிமோட் பிறந்த காலத்திலேயே அது செய்த வேலை, மனிதன் கை செய்த அதே வேலை. குமிழ் அங்கேயே இருந்தது. திருக இன்னொரு கை வந்தது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் நம் ஊர் நிலவரம் என்ன? சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16-இல். திருச்சி நிலையம் 1939 மே மாதம். ரேடியோ வைத்திருப்பதற்கு லைசென்ஸ் வாங்கி, வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும்; அந்த வழக்கம் 1980-களின் மத்தியில்தான் ஒழிந்தது. ஊருக்கு ஒரு செட்டு, பஞ்சாயத்துக் கட்டடத்தில் பூட்டிய அறைக்குள். வெளியே மரத்தில் ஒரு புனல் ஸ்பீக்கர். ஊரே கேட்கும், ஆனால் குமிழ் இருப்பது சாவி வைத்திருப்பவர் கையில். வீட்டில் செட்டு இருந்தாலும் இதே கதைதான். "யாரும் தொடக்கூடாது" என்று பெரியவர் ஒரு அதட்டுப் போட்டால் மற்றவர்களுக்குக் காது மட்டும்தான் சொந்தம்.

வீட்டுக்குக் கடைக்குட்டியே ரிமோட்

1947-இல் டிரான்ஸிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, 1954-இல் முதல் டிரான்ஸிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்த பிறகு இந்தத் தூரப் பிரச்னை கொஞ்ச காலம் காணாமல் போயிற்று. செட்டே கைக்கு வந்துவிட்டதே! தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு ரிமோட் எதற்கு?

மறுபடி தூரத்தைக் கொண்டு வந்தது டெலிவிஷன். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் செட்டுகள் நம் பக்கமும் வந்தன. கூடத்தில் ஒரு கோடியில் டி.வி., இன்னொரு கோடியில் ஜனங்கள். "டேய் சின்னவனே, சவுண்டைக் கொறைடா" என்றால் ஓடுவதற்கு ஒரு கடைக்குட்டி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நம்மில் பலர் ரிமோட்டாகவே வளர்ந்தோம் என்றால் மிகையாகாது.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஸெனித் கம்பெனி 1950-இல் ஒயர் வைத்த ரிமோட் விற்றது. ஒயர் தடுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம். 1955-இல் யூஜின் பாலி ஒளிக்கதிரால் வேலை செய்யும் ரிமோட் செய்தார். வெயில் பட்டால் டி.வி. தானாக ஸ்டேஷன் மாற்றியது. 1956-இல் ராபர்ட் ஆட்லர், பாட்டரியே இல்லாத ஒன்றைச் செய்தார். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும். காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டி.வி. கேட்டுக்கொள்ளும். பிறகு வந்ததுதான் இன்று எல்லோர் கையிலும் இருக்கும் அகச்சிவப்பு ரிமோட்.

வெயிலிலும் டியூப் லைட்டிலும் கூட அகச்சிவப்பு உண்டு. அப்படியிருக்க இந்த ரிமோட் மட்டும் எப்படிக் குழம்பாமல் வேலை செய்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். ரிமோட்டின் விளக்கு சும்மா எரிவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை மினுக்குகிறது. செட்டில் இருக்கும் கண், அந்தத் தாளத்தில் வருவதை மட்டும் கேட்டு மற்றதைத் தள்ளிவிடும். அந்தத் தாளத்தை விட்டு விட்டு அனுப்புவதில்தான் சங்கேதம் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 9 மில்லி செகண்டு அறிவிப்பு, 4.5 மில்லி செகண்டு மௌனம், அப்புறம் 32 பிட் செய்தி. செய்தியையும் அனுப்பி, அதைத் தலைகீழாக்கியும் அனுப்புவதால் தப்பு வந்தால் தெரிந்துவிடும்.

குமிழ் தொலைந்தது

ரிமோட் வந்தது, கூடவே ஒன்று போனது. டி.வி.யிலும் ஸ்டீரியோவிலும் குமிழை எடுத்துவிட்டு, இரண்டு பொத்தான் வைத்தார்கள். உள்ளே ஒரு சில்லு சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும். செலவு குறைவு, தேய்மானம் கிடையாது. ஆனால் கடையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதனால் சங்கடப்பட்டவர்கள் உண்டு. குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தாலே தெரியும், இருட்டில் தடவினாலும் தெரியும். பொத்தானில் அது தெரியாது. ரிமோட் சோபாவுக்குள் போய்விட்டால் வீடே தேடும். சில மலிவான செட்டுகளில் கரண்ட் போய் வந்தால் சில்லு பழைய அளவை மறந்துவிடும், நடுராத்திரியில் அலறும்.

இரண்டையும் சேர்த்துத் தந்த விடை மோட்டார் வைத்த வால்யூம் கன்ட்ரோல். ஜப்பானின் ஆல்ப்ஸ் போன்ற கம்பெனிகள் செய்தவை உலகம் முழுவதும் நல்ல ஸ்டீரியோ செட்டுகளில் உண்டு. சாதாரண கார்பன் பட்டை, அதன் முதுகில் ஒரு சின்ன மோட்டார், நடுவில் பல்சக்கரம். ரிமோட்டை அழுத்தினால் குமிழ் தானாக, நிதானமாகத் திரும்பும், பார்க்கவே அழகு. முக்கியமான விஷயம் அதிலுள்ள நழுவும் கிளட்ச். நீங்கள் கையால் குமிழைத் திருகினால் மோட்டார் எதிர்த்து நிற்காது, கிளட்ச் நழுவிவிடும். குமிழ் கோடிக்குப் போய் முட்டினாலும் மோட்டார் எரியாது, அங்கேயும் நழுவும். கரண்ட் போனாலும் குமிழ் விட்ட இடத்தில்தான் நிற்கும். ஒலி போகும் பாதையில் புதிதாக எதுவும் சேரவில்லை. அதனால் இரைச்சலும் சேராது. 1939-இல் ஃபில்கோ கண்ட வழிக்கே உலகம் திரும்பி வந்தது.

எங்கள் வீட்டில்

என் அப்பா ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் முப்பது வருஷம் ஷேவிங் மெஷினில் நின்றவர். தோலைச் சமமாகச் சீவுகிற மெஷின் அது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெஸிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. அப்பா காலத்தில் காதுக்குப் பஞ்சு வைத்தவர்களைக்கூட நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று வரும்போது காது பாதி போய்விட்டது.

இரைச்சலால் போகும் காதுக்கு ஒரு குணம் உண்டு. முதலில் அடிபடுவது 4000 சைக்கிள் அக்கம்பக்கத்து உச்ச ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுட்பம் அங்கேதான் இருக்கிறது. குரல் கேட்கும், வார்த்தை புரியாது. "கத்தாதே, தெளிவாச் சொல்லு" என்று அவர்கள் எரிந்து விழுவது இதனால்தான். இன்னொன்று, மெல்லிய ஒலி கேட்கவே கேட்காது, ஆனால் கொஞ்சம் கூட்டினால் சட்டென்று தாங்க முடியாத சத்தமாகிவிடும். ஆகவே செய்திக்குக் குமிழைக் கூட்ட வேண்டும், நாகஸ்வரம் வந்தால் உடனே குறைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இருபது தடவை எழுந்து போக வேண்டும். அப்பாவுக்கு மூட்டுவலி. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். எல்லாச் சத்தத்தையும் கலந்து கொடுக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பேத்தியைக் கூப்பிடுவார். அவளும் பத்துத் தடவை எழுந்து போவாள், பதினோராவது தடவை முகம் மாறும். அதைப் பார்த்துவிட்டு அப்பா ரேடியோவையே நிறுத்திவிட்டார். யாரையும் கேட்க வேண்டாம் என்று வாயையும் நிறுத்திக்கொண்டார். வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

புது செட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். "வாணாம்டா, என் செட்டு நல்லாத்தான் கீது" என்றார். அது 1970-களில் போனஸ் பணத்தில் வாங்கிய வால்வு ரேடியோ. ஆகவே 2011-இல் அந்த செட்டுக்கே ரிமோட் வைப்பது என்று முடிவு செய்தேன்.

மோட்டார் வைத்த கன்ட்ரோல் அந்தப் பழைய சேஸிஸில் உட்காராது. ஆனால் பழைய செட்டில் ஒரு வசதி, வால்யூம் கன்ட்ரோலின் தண்டு நீளம். சேஸிஸுக்கும் முன் பலகைக்கும் நடுவில் அந்தத் தண்டில் ஒரு டயல் நூல் சக்கரத்தை மாட்டினேன். பக்கத்தில் நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுச் சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார். அதை 6 வோல்ட்டில் ஓட்டினால் ஏறத்தாழ பாதி வேகம், கோடிக்குக் கோடி போகப் பத்து நொடி. ரிமோட் கண்ணுக்கு டி.எஸ்.ஓ.பி. 1738, மூளைக்கு நம் மாணவர்கள் புராஜெக்டில் போடும் 8051 வகைச் சில்லு, மோட்டாரை இருபுறமும் சுற்ற எல் 293 டி. மோட்டாரின் இரைச்சல் ரேடியோவில் ஏறாமலிருக்க அதன் இரு முனைக்கும் நடுவில் ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்ஸர்.

கிளட்ச்சுக்குத்தான் யோசித்தேன். ரப்பர் வைத்தால் சில மாதத்தில் பிசுபிசுக்கும். விடை நம் ஊரிலேயே இருந்தது. ஆதிகால மோட்டார் கார்களின் கிளட்ச்சில் தோல்தான் உறையாக இருந்தது. ஆலைகளில் ஒரே தண்டிலிருந்து பல மெஷின்களை ஓட்டியதும் தோல் பெல்ட்டுதான். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த தோல் துண்டு ஒன்றை ஆம்பூரிலிருந்து வாங்கி வந்து, மோட்டார் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டி, ஒரு ஸ்பிரிங்கால் தண்டுச் சக்கரத்தின்மேல் அழுத்தி வைத்தேன். மோட்டார் சுற்றினால் பிடிக்கும். கையால் திருகினால் நழுவும்.

ரிமோட்டுக்கு ஒரு பழைய டி.வி. ரிமோட். இரண்டு பொத்தான் போதும். மீதியை மறைக்க அதே தோலில் இரண்டு ஓட்டை போட்டு ஒரு உறை தைத்தேன். அப்பா பொத்தானை அழுத்தினார், குமிழ் தானாகத் திரும்பியது. "இன்னாடா இது, ஆளு இல்லாமலே மெஷினு ஓடுது!" என்றார். அப்புறம் மெதுவாக எழுந்து போய், கையாலும் ஒரு தடவை திருகிப் பார்த்தார். திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. காலையில் செய்தி, சாயங்காலம் பாட்டு என்று பழையபடி ஆரம்பித்தார். கேட்ட செய்தியைப் பேத்தியிடம் சொல்லி வம்பு வளர்த்தார். கடைசி நாலு வருஷம் அவர் வீட்டில் பேசிய பேச்சுக்கு அந்த இரண்டு பொத்தானும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இன்று உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2005-இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ பலகை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. மோட்டார் வைத்த கன்ட்ரோலும் தேடினால் கிடைக்கும். ஒரு விடுமுறையில் செய்து முடித்துவிடலாம். ஆனால் செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புதிய வசதி பழைய கையை வெட்டக்கூடாது. பொத்தான் பழகியவன் பொத்தானை அழுத்தட்டும், குமிழ் பழகியவன் குமிழைத் திருகட்டும். இரண்டு பேரும் ஒரே குமிழில் சந்திக்க வேண்டும். நழுவும் கிளட்ச் கற்றுத்தரும் பாடம் இதுதான். மெஷின் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்க வேண்டும், மனிதன் கை வைத்தால் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஊர் விஷயத்திலும் இது பொருந்தும். மரத்தில் கட்டிய ஸ்பீக்கரின் குமிழ் ஒருவன் கையில், காதோ ஊர் முழுவதற்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெஸிபல் என்று அளவு வைத்து, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன. குமிழ் எட்டாதவர்களுக்கு அந்தச் சட்டம்தான் ரிமோட். பூட்டிய அறையில் ரேடியோ இருந்த காலத்தில் அதுகூடக் கிடையாது. இன்று மலைக்கு வந்து இரவெல்லாம் பாட்டுப் போடும் விருந்தினர்களுக்கும் இதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன். நம் சந்திப்பின் கலை நிகழ்ச்சியும் பத்து மணிக்குள் முடியும் என்று நம்புகிறேன்!

பழைய செட்டு, பழைய ஆம்ப்ளிஃபயர் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதன் குமிழுக்காக ஏங்கும் ஒரு பெரியவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். கடைக்குக் கொண்டு வாருங்கள், கூடவே ஒரு மாணவனையும் அழைத்து வாருங்கள். கூலி வேண்டாம், தோல் துண்டு என்னிடம் நிறைய இருக்கிறது.

வளர்க நம் கல்லூரி! தொடர்க நம் நட்பு!